ஷாமு என்னும் பெயர்

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துச் சான் டியேகோ நகரிலே 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கடல்வாழ் உயிர்களைக் காட்டும் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. சீவேர்ல்ட் என்பது அதன் பெயர். பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பர் நால்வர் நீருக்கடியில் ஓர் உணவகம் அமைக்கவே முதலில் எண்ணினர். அது கைகூடாமற் போகவே பூங்கா பிறந்தது.

1965இல் பிடிக்கப்பட்ட ஓர்கா ஒன்று அங்கே ஷாமு என்னும் பெயரோடு வித்தை காட்டிற்று. 1971இல் அது இறந்தது. பெயர் மட்டும் இறக்கவில்லை. வேறு ஓர்காக்கள் அப்பெயரைச் சுமந்து மேடையேறின. காணவந்த சிறுவருக்கு ஷாமு சாகாத விலங்கு! வணிகத்தின் சாமர்த்தியந்தான் என்னே!

கடலிலே ஓர்கா ஒரே நாளில் நூறு கிலோமீற்றருக்கு மேலும் நீந்தவல்லது. தாயைச் சூழ்ந்த குடும்பமாய் வாழ்வது. அத்தகையதைத் தொட்டியில் அடைத்தல் தகுமோ? 1983இல் ஐஸ்லாந்தை அடுத்த கடலிற் பிடிபட்ட திலிக்கம் என்னும் ஆண் ஓர்கா, 2010இல் ஓர்லாண்டோப் பூங்காவிலே தன் பயிற்சியாளரைக் கொன்றது. அதன் கதையைச் சொன்ன 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் 2013இல் வெளிவந்தபின் கண்டனம் வலுத்தது.

காயமுற்ற கடற்பசுக்களை மீட்டு, மருந்திட்டுக் கடலில் விடும் நற்பணியும் இந்நிறுவனத்துக்கு உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று.

ஓர்காக்களை இனி இனம்பெருக்குவதில்லையென 2016 மார்ச்சில் நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டிலேயே ஓர்லாண்டோவில், சுறாவின் பெயர் தாங்கிய 'மாக்கோ' என்னும் 200 அடி உயர ரோலர் கோஸ்டர் ஓடத்தொடங்கிற்று. இரும்புச் சுறாவுக்கு இரை வேண்டுவதில்லை.

அறிவிப்புக்கு முன்னரே கருவுற்றிருந்த தாய் ஓர்கா ஒன்று 2017 ஏப்ரலிலே சான் அன்ரோனியோவில் கியாரா என்னும் குட்டியை ஈன்றது. மூன்று மாதமே அது வாழ்ந்தது.