போகிற அதிபரும் பூட்டிய கஜானாவும்

(தொலைக்காட்சி கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பதுதான் என் வேலை. இன்று என்னையே பேச வைத்துவிட்டார்கள். கொடுத்த தலைப்பு, "பதவி முடியப் போகும் அதிபருக்கு அதிகாரம் உண்டா?" என்பது. உண்டு என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அமெரிக்காவில் மகன் புஷ், ஜார்ஜ் டபிள்யூ. புஷ், தமது கடைசி இரண்டு ஆண்டுகளில் செய்ததைப் பார்த்தால் பதில் இரண்டாகப் பிரிகிறது. 'முடியாது' என்று சொல்லும் பலம் அவரிடம் ஏறக்குறைய முழுதாக இருந்தது. 'கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் பலம்தான் கரைந்து போனது. அரசாங்கப் பணத்தில் இந்த வேறுபாடு என்ன விளையாட்டு காட்டியது என்பதுதான் என் பேச்சு.

ஆங்கிலத்தில் 'லேம் டக்' என்று ஒரு சொல் உண்டு. நொண்டி வாத்து! 1951ல் வந்த 22ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஆகவே இரண்டாம் தவணையின் பிற்பாதி வந்தவுடன் செய்தியாளர்கள் எல்லாரும் அந்த வாத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் கஜானாவின் திறவுகோல் காங்கிரசிடம் இருக்கிறது. அதிபர் ஒரு காசு செலவழிக்க வேண்டுமென்றாலும் பிரதிநிதிகள் சபையும் செனட் சபையும் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். அங்கே நிதியாண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் 12 செலவு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதிபரின் மேசையில் வைப்பார்கள். 1988 ஜனவரியில், பதவியின் கடைசி ஆண்டில், ரொனால்ட் ரேகன் அப்படிப்பட்ட காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து காங்கிரஸ் கூட்டத்தில் காட்டினார். மொத்தம் 43 பவுண்டு எடை. நம் கணக்கில் ஏறத்தாழ 20 கிலோ. இனி இப்படி அனுப்பினால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

மூட்டையில் பிடிக்காததை மட்டும் எடுத்தெறிய அதிபருக்கு வழியில்லை. ஒரு கறியில் உப்புக் கூடிவிட்டால் விருந்து முழுவதையும் கொட்ட வேண்டும், இல்லையென்றால் உப்புக் கரித்தாலும் சாப்பிட வேண்டும். 1996ல் சட்டம் போட்டு, தனித்தனிச் செலவுகளை நீக்கும் உரிமையைக் கிளிண்டனுக்குக் கொடுத்தார்கள். 1998ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது.

ஆக அதிபரிடம் மிஞ்சுவது மறுப்பாணை, நமக்கெல்லாம் தெரிந்த 'வீட்டோ'. அதை முறியடிக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் 435 பேர் வந்து வாக்களித்தால் 290 வேண்டும். அதாவது 146 பேர் அதிபர் பக்கம் நின்றால் போதும். செனட்டில் 34 பேர் போதும். அதுவும் இரண்டு சபைகளிலும் வேண்டாம், ஏதாவது ஒன்றில் கிடைத்தாலே காரியம் முடிந்தது. நாட்டில் பாதிப்பேருக்கு மேல் அவரைப் பிடிக்காமல் போயிருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு ஆதரவை வைத்துக்கொண்டு அவர் கதவை அடைத்துவிட முடியும். இப்போது சொல்லுங்கள், வாத்து நொண்டுகிறதா?

நம் சிங்கப்பூர் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் அதிபரிடம் இருப்பது வேறு வகை அதிகாரம். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த இருப்புநிதியைத் தொட வேண்டுமென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். இரண்டாவது சாவி என்று அதைச் சொல்கிறோம். 2009ல் பொருளாதார நெருக்கடியின்போது அதிபர் எஸ்.ஆர்.நாதன் அந்தச் சாவியை முதன்முறையாகத் திருப்பினார். 4.9 பில்லியன் வெள்ளிக்குச் சம்மதம் கொடுத்தார், ஏறத்தாழ 4 பில்லியன் பயன்பட்டது, 2011ல் அது திரும்ப வைக்கப்பட்டது. நம் அதிபர் எந்தக் கட்சியிலும் இருக்கக்கூடாது. அமெரிக்க அதிபரோ கட்சியின் தலைமகன். அவருடைய பேனாவுக்கும் கட்சி உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

புஷ் 2001 ஜனவரியில் பதவிக்கு வந்தார். அதற்கு முந்தைய நிதியாண்டில், 2000ல், அமெரிக்க வரவு செலவுத் திட்டத்தில் 236 பில்லியன் டாலர் உபரி இருந்தது. பிறகு வரிக் குறைப்பு வந்தது, ஆப்கானிஸ்தான் வந்தது, ஈராக் வந்தது, 2003ல் முதியோர் மருந்துச் செலவுத் திட்டம் வந்தது. 2005ல் 286 பில்லியன் டாலரில் ஒரு சாலைச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டு, 256 பில்லியனைத் தாண்டினால் மறுப்பாணை போடுவேன் என்று வெள்ளை மாளிகை மிரட்டியிருந்தது. தாண்டியது. புஷ் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்துக்குள்ளேதான் அலாஸ்காவின் கெச்சிகன் ஊரிலிருந்து சுமார் 50 பேர் வசிக்கும் ஒரு தீவுக்குப் பாலம் கட்ட 223 மில்லியன் டாலர் இருந்தது. அந்தத் தீவில் ஊரின் விமான நிலையம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சமாகப் பேசினேன் என்று யாரும் குறைபடக்கூடாது.

ஐந்தரை ஆண்டுகள் ஒரு மசோதாவைக்கூட அவர் திருப்பி அனுப்பவில்லை. முதல் மறுப்பாணை 2006 ஜூலையில், ஸ்டெம் செல் ஆராய்ச்சி மசோதாவுக்கு. அதுவும் சிக்கனத்துக்காகப் போட்டதல்ல. அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் காங்கிரஸ் அவருடைய குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. சொந்த வீட்டுச் செலவுக்கு யார் கணக்குக் கேட்பார்கள்?

2006 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு சபைகளையும் பிடித்தது. அதன்பிறகு அதிபருக்குச் சிக்கனம் நினைவுக்கு வந்தது. எட்டு ஆண்டுகளில் அவர் போட்ட 12 மறுப்பாணைகளில் 11 இந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளில் வந்தவை.

அவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பிள்ளைகளின் மருத்துவக் காப்புறுதி. ஏழைகளுக்கு அங்கே அரசாங்க மருத்துவ உதவி உண்டு. வசதி உள்ளவர்கள் தனியார் காப்புறுதி வாங்கிக்கொள்வார்கள். இடையில் இருக்கும் குடும்பங்கள், வேலை உண்டு, சம்பளமும் உண்டு, காப்புறுதிக்கு மட்டும் பணம் போதாது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1997ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கிளிண்டன் ஜனநாயகக் கட்சி, காங்கிரஸ் குடியரசுக் கட்சி. இரண்டும் சேர்ந்து செய்த காரியம் அது. பத்தாண்டு கழித்து 2007ல் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் கூடுதலாக 35 பில்லியன் டாலர் செலவழித்து இன்னும் பல இலட்சம் பிள்ளைகளைச் சேர்க்கக் காங்கிரஸ் முடிவு செய்தது. பணத்துக்கும் வழி சொன்னார்கள்: சிகரெட் பெட்டி ஒன்றுக்கு 61 காசு கூடுதல் வரி.

புஷ் 5 பில்லியன் கூட்டினால் போதும் என்றார். தனியார் காப்புறுதி வாங்கக்கூடிய நடுத்தரக் குடும்பங்களையும் இது அரசாங்கத்தின் பக்கம் இழுத்துவிடும் என்பது அவருடைய வாதம். அதை நான் அற்பமான வாதம் என்று தள்ளமாட்டேன். அரசாங்கம் எதுவரை கைகொடுக்கலாம் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்வியை 2003ல் முதியோர் மருந்துத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது ஏன் கேட்கவில்லை? அக்டோபர் 3ஆம் தேதி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். 18ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு. மசோதாவுக்கு ஆதரவு 273, எதிர்ப்பு 156. குடியரசுக் கட்சியினர் 44 பேர் தங்கள் அதிபரை எதிர்த்து வாக்களித்தும் 13 வாக்குகள் குறைந்தன. டிசம்பரில் மாற்றி எழுதி அனுப்பினார்கள், அதையும் திருப்பி அனுப்பினார். இருக்கிற பிள்ளைகள் வெளியே விழாதபடி பழைய திட்டத்தை மட்டும் 2009 மார்ச் வரை நீட்டித்தார்கள்.

கல்வி, சுகாதாரம், தொழிலாளர் நலம் மூன்றுக்குமான செலவு மசோதாவுக்கும் நவம்பரில் அதே கதி. அங்கே 277க்கு 141. இரண்டே இரண்டு வாக்கில் தவறியது.

இனி ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். அதே நவம்பரில் இன்னொரு மசோதாவையும் புஷ் மறுத்தார். நீர்வளத் திட்டங்கள், சுமார் 23 பில்லியன் டாலர். ஆற்றங்கரை, துறைமுகம், வெள்ளத் தடுப்பு என்று 900க்கும் மேற்பட்ட வேலைகள். செலவு அதிகம், தேவையில்லாதது பல இருக்கிறது என்றார் புஷ். பிரதிநிதிகள் சபை 361க்கு 54 என்றும், செனட் 79க்கு 14 என்றும் அவருடைய மறுப்பைத் தூக்கி எறிந்தன. அவர் பதவிக் காலத்தில் முறியடிக்கப்பட்ட முதல் மறுப்பாணை அதுதான். கேத்தரினா புயலில் நொறுங்கிய லூசியானா கரையைச் சரிசெய்யும் பணமும் அதில் இருந்தது, ஆகவே எல்லாமே வீண் என்று சொல்லமுடியாது. ஆனால் பிள்ளைகளின் காப்புறுதிக்கு உடையாத கட்சி வரிசை இதற்கு எப்படி உடைந்தது? பலருடைய தொகுதியிலும் ஒரு வேலை இருந்தது. அடுத்த தேர்தலில் போய் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அதிபரோ இனி எங்கும் நிற்க வேண்டியதில்லை.

ஜனநாயகக் கட்சியும் உத்தமர்கள் கூட்டமல்ல. ஈராக் போரை முடிப்போம் என்று வாக்குக் கேட்டு வென்றவர்கள் அவர்கள். 2007 மே மாதம் படைகளைத் திருப்பியழைக்கும் காலக்கெடுவோடு போர்ப் பணத்தை அனுப்பினார்கள், புஷ் மறுத்தார். டிசம்பரில் அவர்கள் கேட்ட 22 பில்லியன் உள்நாட்டுச் செலவைக் கைவிட்டு, எந்தக் காலக்கெடுவும் இல்லாமல் போருக்கு 70 பில்லியனைக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து ஆண்டுக்கு 35, போருக்கு ஒரே தவணையில் 70. நொண்டி வாத்து என்று அழைக்கப்பட்டவர் கேட்ட தொகைதான் கடைசியில் சட்டமானது.

இதுவரை சொன்னது மறுக்கும் பலம். கேட்டு வாங்கும் பலம் எப்படி இருந்தது என்பதற்கு 2008 செப்டம்பர் சாட்சி. 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது. 700 பில்லியன் டாலர் வேண்டும், இல்லாவிட்டால் பொருளாதாரம் நிலைகுலையும் என்று 24ஆம் தேதி இரவு புஷ் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். 29ஆம் தேதி பிரதிநிதிகள் சபை 228க்கு 205 என்று தோற்கடித்தது. யார் தோற்கடித்தார்கள்? எதிர்த்தவர்களில் 133 பேர் அவருடைய சொந்தக் கட்சி. ஆதரித்தவர்களில் பெரும்பான்மையோர் எதிர்க்கட்சி. அன்று பங்குச் சந்தையில் டோவ் ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளிகள் சரிந்தது. வாக்கெடுப்புக்கு முன் சபாநாயகர் நான்சி பெலோசி புஷ்ஷைத் தாக்கிப் பேசியதால்தான் சிலர் மனம் மாறினார்கள் என்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் காரணம் சொன்னார்கள். உலகமே கடன் கிடைக்காமல் மூச்சுத் திணறுகிறது, இவர்களுக்கு ஒரு பேச்சில் ரோஷம் வந்துவிட்டதாம். சந்தை கொடுத்த அறையில் மனம் மாறி, அக்டோபர் 3ஆம் தேதி நிறைவேற்றினார்கள்.

அதோடு கதை முடியவில்லை. டிசம்பரில் ஜெனரல் மோட்டார்சும் கிரைஸ்லரும் கையேந்தி நின்றன. அவற்றுக்கு உதவும் மசோதாவைக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் 11ஆம் தேதி மடக்கிவிட்டார்கள். காங்கிரஸ் கொடுக்கவில்லை என்றால் வேறு வழி என்ன? எட்டு நாள் கழித்து, வங்கிகளுக்கென்று ஒதுக்கிய அந்த 700 பில்லியனிலிருந்தே 17.4 பில்லியன் டாலரைக் கார் நிறுவனங்களுக்குக் கடனாகத் திருப்பிவிட்டார் புஷ். பதவியில் அவருக்கு இருந்தது இன்னும் 32 நாள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வேலை அதனால் தப்பியது என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரு காரியத்துக்கென்று காங்கிரஸ் கொடுத்த பணத்தை, அதே காங்கிரஸ் மறுத்த இன்னொரு காரியத்துக்குத் திருப்பியதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அடுத்துப் பேச இருக்கும் நண்பர் சட்டம் படித்தவர், அவரிடம் இதை விட்டுவிடுகிறேன்.

மூன்றில் ஒரு பங்கும் கைவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில் டோனல்ட் டிரம்ப், தேர்தலில் தோற்றபிறகு, ராணுவச் செலவு அங்கீகார மசோதாவை மறுத்தார். சொந்தக் கட்சியினரே சேர்ந்து 2021 புத்தாண்டு நாளில் அதை முறியடித்தார்கள். அவருடைய முதல் தவணையில் முறியடிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

பிள்ளைகளின் காப்புறுதி என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போகக்கூடாது. பராக் ஒபாமா பதவியேற்ற பதினைந்தாம் நாள், 2009 பிப்ரவரி 4ஆம் தேதி, விரிவாக்கத்தில் கையெழுத்திட்டார். சிகரெட் வரி 62 காசு, முன்பு கேட்டதைவிட ஒரு காசு அதிகம். முதல் மறுப்பாணைக்கும் அந்தக் கையெழுத்துக்கும் இடையே 16 மாதங்கள். நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், என் நேரம் முடிந்தது.