கலையும் சீவனமும்



மகன் நடிகனாக வேண்டுமென்கிறான் என்றோ, மகள் கதை எழுதியே வாழப் போகிறாளாம் என்றோ ஒரு வீட்டிலே பேச்செழுந்தால், கேட்போர் மனத்தில் முதலிலே தோன்றும் வினா ஒன்றுதான்: சோற்றுக்கு என்ன வழி? இவ்வினாவைக் கலையறியாதார் வினாவென்று எள்ளி நகையாடுவோர் உளர். அது முறையன்று. மாத முடிவில் வாடகை கேட்டு வருபவனிடம் கவிதையைக் காட்டி அனுப்ப இயலாது. பெற்றோரின் வினா நியாயமானது. அதற்குரிய விடையைத் தேடி ஹொலிவூட்டுக்கோ பம்பாய்க்கோ செல்ல வேண்டியதில்லை. இலங்கையிலே 1963ஆம் ஆண்டில் உருவான ஒரு படத்தை எடுத்து, அதிலே கூடிய எழுத்தாளர், நெறியாளர், நடிகர் ஆகிய மூவரும் எவ்வாறு சீவித்தனர் என்று பார்த்தாற் போதும்.

அப்படம் 'கம்பெரலிய'. தென்னிலங்கைக் கிராமம் ஒன்றிலே பழைய பெருங்குடி நலிய, புதிய வணிக வகுப்பு எழுவதைக் கூறும் கதை. ஆட்டமில்லை, பாட்டில்லை, ஸ்டூடியோவுமில்லை. வளவ்வ எனச் சிங்களத்தில் வழங்கும் பழைய மாளிகையொன்றிலேயே படம்பிடிக்கப்பட்டது. 1965 சனவரியில் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவிலே, சத்யஜித் ராய் தலைமை வகித்த நடுவர் குழு அதற்குத் தங்க மயில் விருதை வழங்கிற்று.

மூலக்கதை மார்ட்டின் விக்கிரமசிங்க 1944 இல் வெளியிட்ட நாவல். எம். எம். உவைஸ் அதனைக் 'கிராமப் பிறழ்வு' என்னும் பெயரில் தமிழாக்கினார். கொக்கலையிலே 1890 இற் பிறந்த விக்கிரமசிங்க, கல்லூரிப் படிப்பென்று சொல்லத்தக்க எதனையும் பெற்றவரல்லர். இளமையிலேயே கொழும்புக்கு வந்து கடையொன்றிலே கணக்கெழுதினார். முதல் நாவல் 1914 இலேயே வெளிவந்தது. ஆனால் அதை நம்பி அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிடவில்லை. பின்னர் பத்திரிகைத் தொழில் கைகொடுத்தது. 'தினமின'வின் ஆசிரியராய் விளங்கிய அவர், 1946 இலே அத்தொழிலை விட்டு முழுநேர எழுத்தாளரானார். அப்போது அவருக்கு வயது 56! பிறர் ஓய்வெடுக்க எண்ணும் பருவத்திலே அவர் எழுத்தை மட்டும் நம்பி இறங்கினார். அதற்கு முன்னரே 'கம்பெரலிய' எழுதப்பட்டுவிட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். அந்நாவல் உத்தியோகத்துக்கிடையே பிறந்த நாவல்.

நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் கதை வேறு. தெகிவளையிலே 1919 இல் வைத்தியர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். வீட்டிலே வழங்கிய மொழி ஆங்கிலம். பத்திரிகைத் துறையிற் புகுந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இலண்டன் சென்றார். ஓவியரான தம்பி ஐவன் பீரிஸ் அங்கே இருந்தார். கொழும்புப் பத்திரிகைக்குக் கலைக் கட்டுரைகள் எழுதிச் சீவித்துக்கொண்டே, ஓய்வு நேரங்களிற் குறும்படங்கள் எடுத்துப் பழகினார். பணமீட்டித் தராத பழக்கம்தான். ஆயினும் கமெராவின் கண் எப்படிப் பார்க்கும் என்பதை அவர் கற்ற பள்ளி அதுவே.

ஆங்கிலேய விவரணப்பட நெறியாளர் ரால்ஃப் கீன் என்பவர், அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் பணியாற்றுமாறு அழைக்க, 1952 இல் லெஸ்டர் நாடு திரும்பினார். மலேரியாவை எதிர்த்த போராட்டத்தைப் பற்றி ஒன்று, வீதிப் பாதுகாப்பைப் பற்றி ஒன்று என விவரணப்படங்கள் எடுத்தார். நிலையான அரசாங்க வேலை, ஒழுங்கான சம்பளம். பெற்றோர் மனங்குளிரும் ஏற்பாடு. 1955 இலே அதனைத் துறந்து வெளியேறினார். வயது 36.

இதனைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிடுவது பாதியுண்மை. லெஸ்டர் தனியே வெளியேறவில்லை. ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகிய இருவரும் உடன் சென்றனர். படம்பிடிக்க ஒருவர், வெட்டி ஒட்ட ஒருவர், நெறிப்படுத்த ஒருவர் என ஒரு பட்டறைக்கு வேண்டிய கைத்தொழில் முழுவதும் அம்மூவரிடம் இருந்தது. அரசாங்கச் செலவிலே பயின்ற தொழில் அது. ஆர்வத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படும் இளைஞர் இவ்விடத்தைச் சற்று நின்று பார்ப்பாராக.

அக்காலச் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலே உருவானவை. 1947 இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படமாகிய 'கடவுனு பொரொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது படம்பிடிக்கப்பட்ட இடம் மதுரை. தமிழ்ப் படங்களின் கதைப்போக்கும் மெட்டும் சிங்கள உடை தரித்துக் கப்பலேறி வந்தன எனலாம். லெஸ்டரும் தோழர்களும் கமெராவை வெளியே தூக்கிச்சென்று, இலங்கைக் கிராமத்தின் வெயிலிலே 'ரேகாவ'வை எடுத்தனர். 1956 திசம்பரில் அது வெளியாயிற்று. மறு ஆண்டு பிரான்சிலே கான் விழாவிற் காட்டப்பட்டது. உள்நாட்டிலோ வசூல் இல்லை. விமரிசகர் புகழ்ந்தனர், மக்கள் வரவில்லை.

விட்டுவந்த வேலை போயிற்று. எடுத்த படமும் தோற்றது. அடுத்த படத்துக்கு நான்காண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1960 இல் வந்த 'சந்தேசய'வுக்கு முதலிட்டவரும் ஒரு தமிழரே: 'சினிமாஸ்' நிறுவனத்தின் கே. குணரத்தினம். போர்த்துக்கீசர் காலத்துக் கதை. சண்டையும் பாட்டும் உண்டு. மக்கள் திரண்டு வந்தனர். லெஸ்டர் தம் கொள்கையிலிருந்து இறங்கிவிட்டார் எனச் சிலர் குறை கூறுவர். அக்குற்றச்சாட்டு வயிறு நிறைந்தவர் கூற்று. 'சந்தேசய' ஓடியிராவிடின், அன்ரன் விக்கிரமசிங்க 'கம்பெரலிய'வுக்குப் பணமிட முன்வந்திருப்பாரா என்பது ஐயத்துக்குரியது.

இனி நடிகர். கதையிலே பியல் என்னும் இளம் ஆசிரியராக வந்தவர் ஹென்றி ஜயசேன. முன்பு மெய்யாகவே பள்ளி ஆசிரியராயிருந்தவர்; பின் பொதுமராமத்துப் பகுதியில் இலிகிதரானார். 'குவேணி' முதலிய நாடகங்களை எழுதியதும், பிரெக்டின் நாடகத்தைத் தழுவிய 'ஹுணுவடயே கதாவ'வை 1967 இல் மேடையேற்றியதும் அலுவலகக் கோப்புகளுக்கிடையேதான். சிங்கள நாடகத்தின் பொற்காலம் என்று இன்று போற்றப்படுவதிற் பெரும்பங்கு, மாலை நாலரை மணிக்குப் பின் நிகழ்ந்தது.

காமினி பொன்சேகாவோ 'ரேகாவ'விலே கமெராப் பிரிவின் உதவியாளராய் நின்றவர். 'கம்பெரலிய'விலே முதன்மைப் பாத்திரமொன்றை ஏற்றார். பிற்காலத்திலே பெரும் நட்சத்திரமாகி, பாராளுமன்றம் புகுந்து, 1995 முதல் சில ஆண்டுகள் வடக்கு கிழக்கு மாகாண ஆளுநராகவும் இருந்தார். ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கும் வழி அது. அதைக் காட்டிப் பிள்ளைகளுக்கு ஆசையூட்டுதல் தகாது.

இலங்கைத் தமிழ்ப் படக்காரருக்கு இவ்வழிகளும் குறுகியனவே. 1962 இல் 'சமுதாயம்' தொடங்கிவைத்த முயற்சி, சென்னையிலிருந்து வரும் பெரும் படங்களோடு ஒரே கொட்டகைக்காகப் போட்டியிட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணக் கிராம வாழ்வைக் காட்டிய 'குத்துவிளக்கு' 1972 இல் வெளிவந்தது. அதைத் தயாரித்த வீ. எஸ். துரைராஜா தொழிலாற் கட்டடக்கலைஞர். வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் வரைபடம் கீறியவர், படத்தையும் தயாரித்தார்.

லெஸ்டர் மீண்டும் உத்தியோகத்துக்குப் போகவில்லை. 'கம்பெரலிய'வின் படத்தொகுப்பாளராகிய சுமித்திரா குணவர்தனவை 1964 இல் மணந்தார். அவரும் பின்பு நெறியாளரானார். புகழ் வந்தபின்னும் முதலீடு தானாக வந்துவிடவில்லை. 1983 இல் 'யுகாந்தய' வெளிவந்தபின், அடுத்த கதைப்படமாகிய 'அவரகிர' 1995 இலேதான் வந்தது. உலகறிந்த நெறியாளர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் படமின்றி இருந்தார். இறுதிப் படமாகிய 'அம்மாவருனே' 2006 இல் வந்தபோது அவருக்கு வயது 87. 2018 ஏப்பிரலில், 99ஆம் வயதிலே மறைந்தார். ஐம்பது ஆண்டுகளில் அவர் எடுத்த கதைப்படங்கள் இருபது.