வலியங்காடிக்கும் பங்கு வேண்டும்

பாலக்காட்டில் வாழும் நம்மவர்க்கு வலியங்காடியை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. கணவாய் வழியே வரும் தமிழகத்துக் காய்கறி அங்கே இறங்குகின்றது. மூட்டை தூக்குவோரும் சில்லறை வணிகரும் அதனால் வாழ்கின்றனர்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, நகருக்குக் கிழக்கேயுள்ள புதுசேரி முதலிய இடங்களில் (பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி அன்று!) 1,710 ஏக்கரில், 3,806 கோடி ரூபாய்ச் செலவில் தொழில் நகரம் அமைக்க ஒப்புதல் அளித்தது. வரவேற்கிறோம். ஆயினும் மூலதனம் முழுதும் புறநகரிலேயே தங்கிவிடின் நகரின் நடுவிடம் என்னாகும்?

தோட்டக் கூலி கைக்கு வரும் நாளில் மூணாற்றுக் கடைத்தெரு களைகட்டுவதை இடுக்கியில் வாழும் நம்மவர் அறிவர். புதிய ஆலைகளின் கூலியும் அவ்வாறே வலியங்காடிக்கு வந்து சேரவேண்டுமாயின், வாங்குவோர் கால் வைக்கத்தக்க தெரு வேண்டும். கண்ணாடி மாளிகை எழுப்பச் சொல்லவில்லை. வடிகால் சீராதல் வேண்டும். லாரி நிற்க இடம் வேண்டும். சரக்கு மழையில் நனையாத கிடங்கு வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பழைய கட்டடத்தை இடிக்குமுன், அதில் வாடகைக்கு இருக்கும் வணிகருக்குப் புதிய கட்டடத்தில், அவர் தாங்கக்கூடிய வாடகையில், இடம் உண்டென்பதை எழுத்தில் உறுதி செய்தல் வேண்டும். மூட்டை தூக்குவோரிடம் காட்டுவதற்கு வாடகைச் சீட்டும் இல்லை. அவர்கள் பெயர்களையும் அன்றே பதிவேட்டில் எழுதிக்கொள்ளவேண்டும்.