சிறுவர் இருதயமும் கீல்வாதச் சுரமும்

(சிதம்பரத்தில் கூடிய நம் சங்கத்தார் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



விவாகச் செலவையும் கல்வி நிதியையும் பற்றிப் பலர் பேசிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட விஷயம் தொண்டை வலி. நகைக்க வேண்டாம். 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி புகுந்து, புண் ஆறி இரண்டு மூன்று வாரங்கழித்துச் சிலருக்குச் சுரம் காண்கிறது. முழங்கால் வீங்குகிறது, அது தணியுமுன் கணுக்கால் வீங்குகிறது. கிருமியை எதிர்க்க எழுந்த தேகத்தின் காவற்சக்தி, பகை இன்னதென்று அறியாமல், சொந்த மூட்டுக்களையும் இருதயத்தையும் தாக்குவதால் விளைவது இது. நம் வீடுகளிலோ வாயுப்பிடிப்பென்று தைலந் தேய்க்கிறோம். அவ்வீக்கம் தானே வடியக்கூடியது. கீர்த்தி மட்டும் தைலத்துக்கு. இருதயத்தின் கதவுகளாகிய வால்வுகள் தழும்பேறிச் சுருங்குவது பல ஆண்டுகளுக்குப் பின்னரே மூச்சுத்திணறலாக வெளிப்படும்.

5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் வேறோர் அழற்சி நோயை ஜப்பானிய வைத்தியர் டோமிசாகு கவாசாகி 1967-இல் விவரித்தார். ஐந்து நாளாகியும் விடாத சுரத்தோடு கண்ணும் உதடும் நாவும் சிவந்தால் தாமதிக்கலாகாது. இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் நாளங்களே புடைத்துவிடக்கூடும்.

கீல்வாதச் சுரத்துக்கு மருந்து அரியதன்று, பெனிசிலின்தான். ஒரு முறை சுரம் கண்ட பிள்ளைக்கு 3 வாரத்துக்கொரு ஊசி தவறாமல் போடவேண்டும். இருதயம் தாக்கப்படாதவர்க்கு 5 ஆண்டு அல்லது 18 வயது, தாக்கப்பட்டுத் தேறியவர்க்கு 10 ஆண்டு அல்லது 25 வயது. இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை. வால்வு மிகப் பழுதானவர்க்கு இன்னும் நீளும். பிள்ளை ஓடியாடக் கண்டதும் நாம் நிறுத்திவிடுகிறோம்.

பெண்ணானால் மற்றொரு காரணமும் சேர்கிறது. இருதய நோய்க்காரியென்றால் வரன் வாராதென அஞ்சி, ஊசிச் சீட்டைப் பெட்டியில் மறைத்து விவாகம் முடிக்கிறார்கள். கர்ப்பத்தில் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும். சுருங்கிய மைட்ரல் வால்வு அதற்கு வழிவிடாது. நுரையீரலில் நீர் கோத்துத் தாயின் உயிருக்கே அபாயம் நேரும். முன்பே அறிவித்திருந்தால் எவ்வளவோ செய்யலாம். கஞ்சி இனோவே என்பார் 1984-இல் விவரித்த முறையால், தக்க நிலையிலுள்ள வால்வை மார்பைப் பிளவாமலே பலூன் கொண்டு விரிக்கலாம். கடலூருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரில் அது செய்யப்படுகிறது. மறைத்த பெற்றோரைமட்டும் நாம் குறை கூறோம்; ஊசி போடும் பெண்ணென்றதும் ஜாதகத்தைத் திருப்பியனுப்பும் நம் குடும்பங்களே அம்மறைப்பைக் கற்பித்தன.

அண்ணாமலைநகரில் 1985-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இன்று அரசாங்கத்தினுடையது. சிதம்பரத்தார்க்கு அவ்வாஸ்பத்திரி தூரமன்று. பள்ளிகளில் பிள்ளைகளைச் சோதிக்க வரும் அரசாங்க வைத்தியக் குழுவும் இந்நோயைப் பார்க்கிறது. அவர்கள் கொடுக்கும் சீட்டை அலட்சியமாய் மடித்து வைக்கவேண்டாம். நம் மாணவர் விடுதியில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால், 21-ஆம் நாளைக் காலண்டரில் குறித்து, விடுதிப் பொறுப்பாளரே உடனழைத்துச் செல்ல இன்றே தீர்மானஞ் செய்யுமாறு சபையாரைக் கேட்டுக்கொள்கிறோம்.