பக்கத்தை அமைக்குங் கலை

பழைய ஏட்டுச் சுவடியொன்றை எடுத்துப் பாருங்கள். சொற்களுக்கிடையே வெளியில்லை, மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளியில்லை, பத்தி பிரித்தலும் இல்லை. ஆசிரியரிடம் பாடங் கேட்டவருக்கே அது எளிதில் விளங்கும்.

அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. 1841இல் மானிப்பாயில் ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமுமாய் அச்சேறியது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அவர் தம் வசன நூல்களிற் சொற்களைப் பிரித்தும் நிறுத்தக் குறிகளை இட்டும் பதிப்பித்தார். தனித்திருந்து படிக்கும் சிறுவனுக்கும் நூல் விளங்க வேண்டுமென்பதே அதன் பயன்.

அண்மையிற் கணினியிற் பக்கம் அமைக்கப் பயிலும் மாணவி ஒருத்தி, தன் முதற் பக்கத்தை எனக்குக் காட்டினாள். சுற்றிலும் அலங்காரம், நடுவே நெருங்கிய சிற்றெழுத்து. “உன் அம்மம்மாவிடம் கொடுத்துப் பார்” என்றேன்.

மறுவாரம் வந்தாள். “நாலு வரி படித்துவிட்டு வைத்துவிட்டா, ஐயா” என்றாள். முகம் வாடியிருந்தது.

குறையைத் தேடினோம். ஆங்கில எழுத்துக்கு ஏற்ற வரியிடைவெளியையே தமிழுக்கும் விட்டிருந்தாள். மேலே வளையும் இகரக் குறி, முன்வரியிற் கீழே இறங்கும் உகரக் குறியோடு முட்டியது. அலங்காரத்தை நீக்கி, வரிகளை விலக்கி, ஓரத்தை அகலமாக்கினாள். இம்முறை அம்மம்மா இறுதிவரை படித்தாராம்.

நேயர்களே, பக்கத்தில் விடும் வெளி வீணன்று. படிப்பவருக்கு நாம் இடும் ஆசனம் அது.