பழைய கிதாரின் பூர்வோத்தரம்

நெய்வேலி நகரியத்தில் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார் என்றால், அந்த வட்டத்தில் இருப்பவர்களுக்கு அது இரண்டு செய்திகளாக வந்து சேரும். ஒன்று பாராட்டு விழா. மற்றொன்று வீட்டுச் சாமான்களின் விற்பனை. சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர் நிறுவனத்தின் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்குப் புறப்படுகிறார். எடுத்துச் செல்ல இயலாதவை அக்கம்பக்கத்தாருக்குப் போகின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பரில் இந்த நிறுவனம் தோன்றிய நாளிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள் பல ஊர்க்காரர்கள். ஆகவே அவர்கள் விட்டுச் செல்லும் பொருள்களிலும் பல தேசத்துப் பொருள்களைக் காணலாம்.

சென்ற ஆண்டு எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் விற்க முன்வந்தவற்றில் கட்டில், பீரோ ஆகியவற்றோடு ஒரு மின் கிதாரும் இருந்தது. அவருடைய தமையனார் கப்பலில் வேலை பார்த்தவர். 1982ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்துக் கோபே துறைமுகத்தில் அதை வாங்கி வந்து தம்பிக்குக் கொடுத்தாராம். தமையனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிதாரின் தலைப்பகுதியில் ‘ஐபனெஸ்’ என்ற பெயர் இருந்தது. “அசல் ஜப்பான், ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை” என்றார் நண்பர். 60,000 ரூபாய் கேட்டார்.

வாங்க விரும்பியவன் என் தமக்கை மகன். ஒப்பந்தத் தொழிலாளியாகப் பகலில் பிட்டர் வேலை. இரவில் விருத்தாசலம், பண்ணுருட்டிப் பக்கத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பு. அந்தத் தொகை அவனுக்கு இரண்டு ஆண்டுச் சேமிப்பு. “மாமா, நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்றான். அனல் மின் நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று எழுதும் பிரிவில் என் காலம் கழிந்தது. வீணையும் ஓரளவு வாசிப்பேன். இந்த இரண்டு தகுதிகளும் போதும் என்று அவன் எண்ணிவிட்டான்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்ந்தவரிடம் போய், உங்கள் பொருளைச் சோதிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? இறந்துபோன தமையனார் கையால் கொடுத்ததை நாம் சந்தேகித்தால், சந்தேகம் பொருளோடு நிற்குமா? ஆனால் சோதிக்காமல் வாங்கினால் பையனுக்கு அநீதி. இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நண்பரிடமே சென்று, “நீங்களே திருப்புளியைப் பிடியுங்கள். நாங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றில் சிலவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய இசைக்கருவி நமக்குப் புதிதன்று. நகோயா நகரில் 1912ஆம் ஆண்டில் மோரிதா கோரோ என்பவர் அமைத்த தைஷோகோதோ என்னும் விசைத் தந்திக் கருவிதான் நம் நாட்டில் புல்புல் தரங் என்றும் ஜப்பான் பாஞ்சோ என்றும் வழங்குகிறது. அதே நகோயாவில் 1908ஆம் ஆண்டில் புத்தகக் கடையாகத் தொடங்கப்பட்டது ஹோஷினோ நிறுவனம். ஸ்பெயின் தேசத்துக் கிதார்த் தச்சர் சல்வடோர் இபானியெஸ் என்பவருடைய பெயரைப் பிற்காலத்தில் அது தன் கருவிகளுக்குச் சூட்டிக்கொண்டது. நாம் ஐபனெஸ் என்பது அந்தப் பெயரைத்தான். இந்தக் கிதார்களில் பெரும்பகுதியை அக்காலத்தில் செய்து கொடுத்தது மத்சுமோதோ நகரத்தில் 1960ஆம் ஆண்டில் தோன்றிய பூஜிகென் என்னும் தொழிற்சாலை.

1970களில் இந்த ஜப்பானியர் அமெரிக்காவின் கிப்சன், பெண்டர் கிதார்களைப் பார்த்து அப்படியே செய்தார்கள். இதைப் பற்றி ஒரு கதை இன்றும் வியாபாரத்தில் உலவுகிறது. பழைய ஜப்பானியக் கிதார் எதைக் கண்டாலும், ‘இது வழக்குக் காலத்துக் கிதார்’ என்று சொல்லி விலையை உயர்த்துவார்கள். உண்மையில் நடந்த வழக்கு ஒன்றே ஒன்று. கிப்சனைத் தன் வசம் வைத்திருந்த நார்லின் நிறுவனம், ஹோஷினோவின் அமெரிக்கக் கிளையாகிய எல்கர் நிறுவனத்தின் மீது 1977ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் தொடுத்தது. வழக்கு கிதாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. தீர்ப்பு வரவில்லை, மறு ஆண்டே சமரசம் ஆகிவிட்டது. வழக்குப் போடுமுன்பே ஹோஷினோ அந்த வடிவத்தை மாற்றத் தொடங்கிவிட்டது என்பது இன்னும் வேடிக்கை. ஆகையால் ‘வழக்குக் கிதார்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பணப்பையை எடுத்துவிட வேண்டியதில்லை.

இங்கே நாம் நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிரதி வேறு; போலி வேறு. தன் பெயரைத் தலையில் எழுதிக்கொண்டு, வேறொருவர் வடிவத்தைப் பின்பற்றும் கருவி பிரதி. கல்கத்தாவில் செய்யப்பட்டுக் ‘கிவ்சன்’ என்ற பெயருடன் நம் நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு முதற்பாடம் கற்றுக்கொடுத்த கிதாரை எவரும் போலி என்று சொல்லமாட்டார்கள். அது இன்னது என்று அதன் நெற்றியே சொல்லிவிடுகிறது. கிரெகோ என்றோ தோகாய் என்றோ எழுதியிருந்த ஜப்பானியக் கிதாரில் அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டுக் கிப்சன் என்று ஒட்டினால், அப்போது அது போலி ஆகிறது. மரம் அதே மரந்தான், வாக்குத்தான் மாறிவிட்டது.

ஜப்பானியப் பிரதிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தன என்றால், 1982ஆம் ஆண்டில் பெண்டர் நிறுவனமே ஜப்பானிய வணிகர்களோடு கூட்டுச் சேர்ந்து, பூஜிகென் தொழிற்சாலையிடமே தன் கிதார்களைச் செய்யக் கொடுத்தது. நேற்றுவரை பார்த்து வரைந்தவனிடம் இன்று பேனாவைக் கொடுத்தது போல! அந்த முதற்காலத்துக் கிதார்களின் எண், ஜே, வி என்னும் ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். இன்று அவற்றைத் தேடி அலைகிறவர்கள் பலர்; ஆதலால் அவற்றுக்கும் போலி பிறந்துவிட்டது. பிரதிக்கும் போலி வரும் காலம் இது.

இனி நண்பர் வீட்டுக்கு வருவோம். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டுக் கிதாரைக் குப்புறக் கிடத்தினோம். தண்டியும் உடலும் சேரும் இடத்தில் நான்கு திருகாணிகளால் பூட்டிய ஓர் உலோகத் தகடு, அதில் எண். 1970களின் நடுவிலிருந்து 1980களின் நடுவரை ஐபனெஸ் எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஓர் ஆங்கில எழுத்து, அது மாதம். முதல் எழுத்து ஜனவரி, பன்னிரண்டாம் எழுத்து டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. இந்தத் தகட்டில் எட்டாம் எழுத்தும் 81 என்ற எண்ணும் இருந்தன. 1981 ஆகஸ்டு. கோபேயில் வாங்கியது 1982. பையனின் முகம் மலர்ந்தது.

“பொறு” என்றேன். நான்கு திருகாணியால் நிற்கும் தகடு, தகட்டுக்குத்தான் சாட்சி. கிதாருக்குச் சாட்சி அன்று. ஐந்து நிமிடத்தில் அதைக் கழற்றி வேறொன்றில் பூட்டிவிடலாம். ஐபனெஸ் என்ற பெயரும் போதாது. 1980களின் பிற்பகுதி முதல் அந்தப் பெயரில் கொரியாவிலும், பிறகு இந்தோனேசியாவிலும் சீனாவிலும் கிதார்கள் செய்யப்படுகின்றன. கருவிக்கு உள்ளே இருப்பவை வெளியே எழுதியிருப்பதோடு ஒத்துப் போகின்றனவா என்பதே கேள்வி.

நண்பர் தந்திகளைத் தளர்த்தி, தகட்டைக் கழற்றி, தண்டியைப் பிரித்தெடுத்தார். அதன் அடிப்பகுதியில், வெளிச்சம் படாத மரத்தில், ரப்பர் முத்திரை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. ஆண்டும் மாதமும் தகட்டு எண்ணோடு ஒத்தன. திருகாணித் துளைகள் ஒற்றைத் துளைகளாகவே இருந்தன. அருகில் வேறு துளையிட்டு அடைத்த தடம் இல்லை. திருகாணிகளின் தலையில் சிறு புள்ளி ஒன்று இருந்தது. ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்த திருகாணிகளில் இந்தப் புள்ளியைக் காணலாம்.

முன்புறத்துப் பாதுகாப்புத் தகட்டை எடுத்தோம். வெயில் படாத அந்த இடத்தில் வண்ணம் ஆழ்ந்து கிடந்தது. சுற்றிலும் நாற்பது ஆண்டு வெளிச்சம் அதை வெளிறச் செய்திருந்தது. இரண்டுக்கும் இடையே, நெடுநாள் மாட்டிய படத்தை எடுத்த சுவரில் தெரிவது போல், ஒரு தெளிவான எல்லை. முதுமையை வேஷமாகப் போடுகிறவர்கள் தேய்ப்பார்கள், கீறுவார்கள், சாயம் பூசுவார்கள். இந்த நிழலைக் கொண்டுவருவதுதான் கடினம். தேய்மானத்திலும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். கட்டைவிரல் படும் இடத்தில் தண்டி வழுவழுப்பாகியிருந்தால் மெட்டுகளும் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழமாகவும் மற்றொன்று குமரியாகவும் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். இங்கே இரண்டும் சம வயது.

வீணையை வாங்குகிறவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு மரம் எங்கிருந்து போகிறது? நமக்கு அண்மையிலுள்ள பண்ணுருட்டியின் பலா மரந்தான். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை என்று சொல்லி விற்றால், குடமும் தண்டியும் சேரும் இடத்தில் மர ரேகை தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்ப்போம். ஒட்டு வீணை தாழ்ந்ததன்று, நன்றாகவே ஒலிக்கும். ஆனால் அதை ஏகாண்டம் என்று சொல்லி விற்கக்கூடாது.

கடைசியாக மின்பகுதி. தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் காந்தச் சுருளைப் பிக்கப் என்பார்கள். இந்தக் கிதாரில் அவை இரண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் தண்டை அளவுகோலால் அளந்தேன்: 6 மில்லிமீட்டர். அமெரிக்கக் குமிழாயின் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் இருக்கும். சரிதான். கம்பிகளைப் பற்றவைத்த ஈயம் மங்கிச் சாம்பல் நிறமாயிருந்தது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் அந்த ஈயம் பளபளத்தது. குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப்பின் கம்பியும், தேர்வு விசையின் கம்பியும் வேறு நிறம். அந்தப் பிக்கப்பின் அடியில் எழுத்தோ எண்ணோ ஒன்றுமில்லை. மற்றதன் அடியில் இருந்தது.

கூடத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. நண்பர் திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, “என் மகன் கல்லூரியில் படித்தபோது ஒருமுறை ஓசை வரவில்லை. வெளியூரில் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து வந்தான். விசையை மட்டும் மாற்றினோம் என்றுதான் சொன்னார்கள்” என்றார். அவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. தாம் நம்பியதைத்தான் சொன்னார். ஆனால் அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது, இந்தச் சோதனையைச் செய்யாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

பையன்தான் பேச்சைத் தொடங்கினான். “ஐயா, சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரத்தின் பற்கள் எத்தனை நாள் தாங்கும்?” என்று கேட்டான். நண்பர் அந்த இயந்திரத்தை ஓட்டியவர். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறை, எஃகுப் பற்களை எப்படி அரைத்துத் தின்னும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? “மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும், தம்பி. பல் மாறினால் இயந்திரம் மாறிவிடுமா?” என்றார், உடனே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்தபின், “ஒன்றுமே மாறவில்லை என்று சொல்லிக் கேட்ட விலை அது. இப்போது அந்த விலை இல்லை” என்று சொல்லி, 45,000 ரூபாய் போதும் என்றார். பையன் பேரம் பேசவில்லை.

அதோடு ஒரு காரியமும் செய்தோம். ஒரு வெள்ளைத்தாளில், தமையனார் கோபேயில் வாங்கிய ஆண்டு, தகட்டு எண், தண்டியின் முத்திரை, மாற்றப்பட்ட பிக்கப், மாற்றப்பட்ட விசை ஆகிய எல்லாவற்றையும் நண்பர் தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். அலுவலகத்தில் நான் எழுதிய சான்றுகள் பல ஆயிரம் இருக்கும். அவற்றில் எதிலும், ‘என் அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கியது’ என்ற வரி இருந்ததில்லை. நண்பர் அதையும் எழுதினார்.

அவர் இப்போது ஊருக்குப் போய்விட்டார். அந்தத் தாள் கிதார்ப் பெட்டியின் மூடிக்குள் இருக்கிறது. சென்ற மாதம் மூன்றாம் தந்தியின் பிருடை தேய்ந்துபோக, பையன் புதியது போட்டான். தாளைப் பிரித்துப் பார்த்தேன். நண்பரின் கையெழுத்துக்குக் கீழே தேதியிட்டு அதையும் எழுதியிருக்கிறான். கழற்றிய பழைய பிருடையைக் காகிதத்தில் மடித்துப் பெட்டியிலேயே வைத்திருக்கிறான்.