மூளையை எட்டும் புழுவும் அடுப்பை எரிக்கும் கழிவும்
(ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)



வலிப்பு கண்ட பிள்ளையை ஜின் தீண்டியதாகக் கருதி, தாயத்துக்கும் மந்திரிப்புக்கும் அலைந்து மாதங்களைக் கழிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. துஆவை விடுங்கள் என நாம் கூறவில்லை. மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்றே கூறுகிறோம். நம் நாட்டில் வலிப்புக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று, மூளையில் தங்கும் புழுக்கட்டியாகும்.

'பன்றி இறைச்சியை நாம் தொடுவதில்லையே, அப்புழு நமக்கு எவ்வாறு வரும்?' என்று சிலர் வினவுவர். சரியாக வேகாத அவ்விறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டைகள் அவருடைய மலத்துடன் வெளியேறி, மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத கீரை வழியாகவும் கை வழியாகவும் பிறர் வயிற்றை அடைகின்றன. அங்கே வெளிப்படும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு சென்று, மூளையில் கட்டியாக அமர்ந்துவிடுகிறது. எனவே இறைச்சியே உண்ணாதவருக்கும் இந்நோய் வரக்கூடும். நியூயார்க்கில் பன்றி இறைச்சியை அறவே விலக்கி வாழும் யூத சமூகத்தினர் நால்வருக்கு இந்நோய் கண்டதை 1992-இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. ஹராமைத் தவிர்த்தால் மட்டும் போதாது, தஹாரத்தும் வேண்டும் என்பதற்கு இது சான்றன்றோ?

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதால் பயனில்லை. பின்னர் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேன் மூலம் கட்டியைக் கண்டறியலாம்; பெரும்பாலோருக்கு மருந்தே போதுமானது. ஆயினும் பூச்சி மாத்திரையை நாமாகக் கொடுத்தல் கூடாது. கட்டியிலுள்ள புழு மடியும்போது மூளை வீங்கக்கூடும்.

சகோதரர்களே! திறந்தவெளியில் கிடந்தால் மூளை வரை நோயைக் கொண்டு செல்லும் அதே கழிவு, காற்றுப் புகாத தொட்டியில் அடைபட்டால் எரிபொருளாகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, மீத்தேன் மிகுந்த வாயுவை உண்டாக்குகின்றன. மும்பை மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-ஆம் ஆண்டிலேயே மனிதக் கழிவின் வாயுவால் விளக்கெரித்தனர். சாணமும், நிக்காஹ் விருந்தில் மிஞ்சும் சோறும் காய்கறித் தோலும் இதற்கு உதவும்.

ஒன்றை மறத்தலாகாது. வீட்டுத் தொட்டியின் வெப்பம் புழு முட்டைகள் அனைத்தையும் அழித்துவிடாது. ஆகவே கழிப்பறை இணைந்த தொட்டியிலிருந்து வெளிவரும் குழம்பைக் கீரைப் பாத்திக்கு அப்படியே பாய்ச்சக் கூடாது. நெடுநாள் மக்கவைத்த பின்னரே உரமாக்க வேண்டும்.

நம் மஹல்லாவில் கழிப்பறையில்லாத வீடு ஒன்றும் இருத்தலாகாது. மலங்கழித்த பின்பும் சமைக்கும் முன்பும் சோப்பிட்டுக் கைகழுவுவதை நம் மக்தப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். விருந்துக் கழிவைத் தெருவில் கொட்டாமல் எரிவாயுத் தொட்டி அமைப்பது குறித்து நிர்வாகிகள் ஆலோசிக்க வேண்டுகிறோம். வலிப்புள்ள பெண்ணுக்கு வரன் மறுப்பதையும், வலிப்புள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருப்பதையும் இன்றோடு விட்டொழிப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் தூய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.